நீட்டிச் சொன்ன ஓம்

அவருடைய வெண்டித் தோட்டத்துக்குள் அவருடைய மாடே புகுந்து மேய்ந்துகொண்டிருந்தது. அவர் வரம்பில் சாக்கை விரித்துச் சப்பணம் கட்டி இருந்தார். மூக்கின் ஒரு பக்கத்தைப் பெருவிரலால் பொத்தியபடி மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரோட்டால் போன நான், "அண்ணை, மாடு" என்றேன். தெரியும் என்று கண்ணால் சொன்னார். மூச்சை இழுத்தார், நிறுத்தினார், மற்றப் பக்கத்தால் மெல்ல மெல்ல விட்டார். மாடு அடுத்த வெண்டிக் கன்றுக்குப் போயிற்று. அவரும் அடுத்த மூச்சுக்குப் போனார். எல்லாம் முடிந்த பிறகு எழும்பி, சாக்கை உதறி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய், மாட்டின் கழுத்தைத் தடவி வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். பாத்தியில் மிஞ்சியிருந்தது குச்சிகள்தான்.

"கலைச்சிருக்கலாமே அண்ணை?"

"மாட்டைக் கலைக்கலாம் தம்பி. பிறகு கலைஞ்ச மூச்சை ஆர் பிடிச்சுக் கட்டுறது?"

இதைப் பெரிய ஞானம் என்று நினைத்து, வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் குசினிக்குள் அடுப்படியில் இருந்தபடியே, "அப்ப அந்தாள் பின்னேரம் கறிக்கு என்ன செய்யும்?" என்று கேட்டாள்.

அவருடைய பெயரை நான் சொல்லப் போவதில்லை. நேரில் எல்லாரும் அவரை அண்ணை என்போம். அவர் இல்லாத இடத்தில் மூச்சண்ணை. கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு குளத்தின் கீழே காட்டை வெட்டி, கொலனி என்று பெயர் வைத்துக் காணி கொடுத்த காலம் அது. யாழ்ப்பாணத்தில் காணி இல்லாதவர்களும், இருந்த காணியைப் பங்கு பிரித்ததில் பாய் விரிக்கிற அளவுக்கு வந்துவிட்டவர்களும் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினோம். நான் இரண்டாவது வகை. அவர் எந்த வகை என்று யாருக்கும் தெரியாது. கொலனிக்கு வர முதல் இந்தியாவில் ஒரு மடத்தில் இருந்து யோகாசனம் படித்தவர் என்று கதை. கேட்டால், "இருந்தனான்" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

என்னை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது ஒரு நெல்மூட்டை. குனிந்து தூக்கினேன். மூட்டை எழும்பியது, நான் எழும்பவில்லை. அதன் பிறகு கொஞ்சக் காலம் நண்டு மாதிரிப் பக்கவாட்டில்தான் நடந்து திரிந்தேன். ஆஸ்பத்திரியில் பூசுகிறதற்கு ஒரு மருந்து தந்தார்கள். நல்ல வாசம். வேறு குறை சொல்வதற்கில்லை.

ஒரு நாள் வாய்க்கால் கரையில் வைத்து என்னைப் பிடித்தார்.

"எங்கை தம்பி நோகுது?"

"எங்கை நோகேல்லை எண்டு கேளுங்கோ அண்ணை, கெதியாச் சொல்லிப்போடுவன்."

அவர் சிரிக்கவில்லை. என் பகிடிகளுக்குக் கொலனி முழுக்கச் சிரித்தது. அவர் ஒருவர்தான் சிரிக்காதவர். அதனாலேயே அவரைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று எனக்கொரு வெறி இருந்தது. "நாளைக்குக் காலமை ஒண்டும் சாப்பிடாமல் களத்துக்கு வாரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

களம் என்றால் சூடு மிதிக்கிற களம். அறுவடை இல்லாத நாட்களில் சும்மா கிடக்கும். அங்கே ஆளுக்கொரு சாக்கோடு சில பேர் வந்திருந்தார்கள். எனக்கு மேற்காணிக்காரர் கணவதியரும் வந்திருந்தார். மேற்காணி என்றால், வாய்க்கால் தண்ணீர் முதலில் அவருடைய காணியைத் தொட்டுவிட்டுத்தான் என்னுடையதுக்கு வரும். என்னுடையது கடைக்காணி. எனக்குக் கீழே காடும் குரங்கும்தான்.

கணவதியர் தொடக்கத்திலேயே கேட்டார். "அண்ணை, நாங்கள் விடிஞ்சா பொழுதுபட்டா வயலுக்குள்ளை குனிஞ்சு நிமிருற சனம். இஞ்சையும் வந்து குனிஞ்சு நிமிரவோ?"

"வயலிலை குனியேக்கை நாத்தைப் பாக்கிறியள். இஞ்சை குனியேக்கை முதுகைப் பாருங்கோ" என்றார் அவர்.

அவ்வளவுதான் அவருடைய முன்னுரை. பிறகு என்னைக் குப்புறப் படுக்கச் சொன்னார். கை இரண்டையும் நெஞ்சுக்குப் பக்கத்தில் ஊன்றி, பாம்பு படமெடுக்கிற மாதிரி மெல்லத் தலையையும் நெஞ்சையும் உயர்த்தச் சொன்னார். நான் வீரத்தோடு எழும்பினேன். "நில்லும்" என்று முதுகில் விரல் வைத்தார். "நோகிற இடத்துக்கு ஒரு சொட்டு முன்னம் நிண்டிட வேணும். நோவுக்குள்ளை போய் வீரம் காட்டாதையும். நாளைக்கு அந்த இடம் தானாத் தள்ளிப் போகும்." அது உண்மை. நாளுக்கு நாள் அந்த இடம் தள்ளித் தள்ளிப் போயிற்று.

மூச்சைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் இன்றைக்கும் எனக்குப் பாடம். இழுக்கிற மூச்சைப் பற்றிக் கவலைப்படாதே, அது தன்பாட்டில் வரும்; விடுகிற மூச்சை நீட்டு, அதில்தான் உடம்பு ஆறும். வாயால் இழுக்காதே, மூக்கு எதற்கு இருக்கிறது. மூச்சு மாடு மாதிரி, கயிற்றைப் பிடித்து இழுத்தால் எதிர்ப்பக்கம்தான் போகும். பக்கத்தில் நட, அது உன்னோடு வரும். சாப்பிட்ட வயிற்றோடு வளையாதே. தலைக்குள் இரத்தம் அடிக்கிற பிரஷர் வருத்தக்காரர் தலைகீழாய் நிற்கவே கூடாது. என்னைத் தலைகீழாய் நிற்க அவர் விடவே இல்லை. "உமக்கு நேரா நிக்கிறதே இப்ப பெரிய ஆசனம்" என்றார். அதை அவர் பகிடியாய்ச் சொன்னாரா என்று இன்றைக்கும் தெரியாது.

முதல் நாள் பாடத்தின் முடிவில்தான் கூத்து நடந்தது.

எல்லாரையும் நிமிர்ந்து இருக்கச் சொல்லிவிட்டு, "இப்ப சொல்லுங்கோ, ஓம்" என்றார்.

"ஓம்" என்றார்கள் எல்லாரும், தலையையும் ஆட்டி.

"சொல்லுங்கோ."

"ஓம் அண்ணை, சொல்லுறம்."

"அப்ப சொல்லுங்கோவன்."

"என்னத்தைச் சொல்லுறது?"

"ஓம் எண்டு."

"அதைத்தானே அண்ணை அப்ப தொடக்கம் சொல்லுறம்" என்றார் கணவதியர்.

எங்கள் ஊரில் ஒன்றுக்கு ஆமாம் போடுவதென்றால் ஓம் என்போம். நெல் காய்ந்துவிட்டதா, ஓம். மகளுக்குக் காய்ச்சலா, ஓம். பிறந்ததிலிருந்து சொல்லிவந்த சொல். அதே சொல்லை மூச்சோடு சேர்த்து மந்திரமாகச் சொல்லச் சொன்னால் என்ன செய்வது? அவர் பொறுமையாக விளக்கினார். குறுக்கிச் சொன்னால் அது சம்மதம். வயிற்றிலிருந்து எழுப்பி, உதட்டை மூடி, மூச்சு முடியும்வரை 'ம்' என்று நீட்டிச் சொன்னால் அது பிரணவம். காதைக் குடுத்துக் கேட்டால் வித்தியாசம் தெரியும் என்றார். நாங்களும் காதைக் கொடுத்துக் கேட்டோம். கொஞ்ச நாளில் களமே தேன்கூடு மாதிரி இரையத் தொடங்கியது.

முல்லைத்தீவிலிருந்து சைக்கிளில் சீலை மூட்டை கட்டிக்கொண்டு வருகிற முஸ்லிம் வியாபாரி ஒருவர் முழங்கால் நோவுக்காக இடைக்கிடை வந்து இருப்பார். நானா என்று கூப்பிடுவோம். கணவதியர் அவரைச் சீண்டினார். "நானா, உங்கடை ஆக்கள் இதைச் சொல்லலாமோ?"

"நான் அந்த நேரம் வாயை மூடிக்கொண்டு சும்மா இருக்கிறன்" என்றார் நானா. "ஆனா சீலை பிடிச்சிருக்கோ எண்டு நான் கேக்கேக்கை நீங்கள் குறுக்கிச் சொல்ல வேணும். நீட்டிச் சொல்லிப்போட்டுப் போகக் குடாது."

களம் சிரித்தது. அண்ணை கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டிலும் பயிற்சி செய்தேன். பாடத்தின் கடைசியில் மல்லாந்து படுத்து, கைகால்களைப் பரத்தி, செத்தவன் மாதிரிக் கிடக்க வேண்டும். அதற்குச் சவாசனம் என்று பெயர். எங்கள் கொட்டிலின் நீளத்துக்கு நான் தெற்கே தலைவைத்துத்தான் படுக்க முடிந்தது. எங்கள் பக்கத்தில் பிணத்தைத்தான் அப்படிக் கிடத்துவார்கள். அடுப்புக்கு நெருப்பு எடுக்க வந்த பக்கத்துக் காணிப் பெண் வாசலில் நின்று பார்த்துவிட்டு நெஞ்சில் அடித்துக்கொண்டு குழறத் தொடங்கிவிட்டாள். மனைவி ஓடி வந்தாள். "ஐயோ சும்மா இரும் அக்கா. உந்தாள் செத்தாலும் சொல்லிப்போட்டுத்தான் சாகும். பேசாமல் கிடக்க ஏலாது அவருக்கு." நான் கண்ணைத் திறக்கவில்லை. மூச்சை நீட்டி விட்டேன்.

முதுகு நிமிர்ந்தது. நித்திரை வந்தது. காலையில் போக வேண்டியது காலையிலேயே போயிற்று. எல்லாவற்றையும்விட, என் கோபம் போயிற்று. நான் பகிடிக்காரன்தான், ஆனால் தண்ணி விசயத்தில் என்னைப்போல ஒரு முரடன் அந்த வாய்க்காலில் இல்லை. என் முறைத் தண்ணீரில் ஒருவன் கை வைத்தால் மண்வெட்டியோடுதான் கதை. பயிற்சிக்குப் பிறகு அது தணிந்துவிட்டது. மனைவிக்குத்தான் அது பிடிக்கவில்லை. "முந்தி ஏசினா திருப்பி ஏசுவியள். இப்ப மூச்சு விடுறியள். சுவரோடை சண்டை பிடிக்கிற மாதிரி இருக்கு எனக்கு" என்றாள்.

அண்ணையை நான் அந்தக் காலத்தில் தெய்வமாகவே வைத்திருந்தேன். ஒரு முறை காணி எல்லை பார்க்கக் கொலனி ஒஃபிசர் ஜீப்பில் வந்து இறங்கினார். அண்ணை வரம்பில் கண்ணை மூடி இருந்தார். ஒஃபிசர் செருமினார், ஜீப்பின் ஹோர்னை அடிப்பித்தார், வெயிலில் நின்று தொப்பியால் விசிறினார். அண்ணை அசையவில்லை. கடைசியில் அந்த மனுசன் களைத்துப்போய்ச் சாக்கின் ஒரு ஓரத்தில் தானும் குந்திவிட்டார். கண் திறந்த அண்ணை அவரைப் பார்த்து, "முதுகை நிமித்தி இருங்கோ" என்றார். ஒஃபிசர் நிமிர்ந்து இருந்தார். அதற்குப் பிறகுதான் எல்லையைப் பற்றிக் கதை. இதை நான் ஊரெல்லாம் நடித்துக் காட்டித் திரிந்தேன். ஒன்றாலும் அசைக்க முடியாத மனுசன் என்று பெருமையோடு சொன்னேன். ஒன்றாலும் என்கிறதுக்குள் நானும் அடக்கம் என்று யோசிக்கிற மூளை எனக்கு இருக்கவில்லை.

அந்த வருசம் சிறுபோகம், கோடை விதைப்பு, வந்தது. குளத்தில் தண்ணீர் குறைவு. அதனால் முறை வைத்துத்தான் விடுவார்கள்: இன்றைக்கு இவருக்கு, நாளைக்கு மற்றவருக்கு என்று வாய்க்காலுக்குப் பொறுப்பான விதானையார் பங்கு பிரிப்பார். என் நெல் குடலைப் பருவத்தில் நின்றது. கதிர் உள்ளுக்குள் திரண்டு வெளியே வரப் பார்த்துக்கொண்டிருக்கிற பருவம். அந்த நேரம் தண்ணீர் தப்பினால் வருவது கதிர் இல்லை, பதர்.

அந்த நெல்லில் என் மானமும் நின்றது. யாழ்ப்பாணத்தை விட்டு வரும்போது மாமனார், "காட்டுக்குள்ளை என்னத்தைத் தின்னப் போறியள்?" என்று கேட்டவர். நான் சும்மா இருந்திருக்கலாம். "இனி உங்கடை வீட்டு அரிசிக்கு உங்கடை மகளை அனுப்ப மாட்டன் மாமா. என்ரை நெல்லிலை உங்களுக்கு மூட்டை வரும்" என்று பத்துப் பேருக்கு முன்னால் சொல்லிவிட்டேன். அதற்கு முந்தின மாரிகாலப் பெரும்போகத்தை வெள்ளம் கொண்டுபோனது. வீட்டில் கைக்குழந்தை. இந்தச் சிறுபோகம் வீட்டுக்கு வந்தால் நாங்கள் கொலனியில் சாப்பிடுவோம். வராவிட்டால் மனைவியும் பிள்ளையும் மாமனார் வீட்டுச் சோற்றுக்குப் போக வேண்டும்.

என் முறை வந்த அன்று காலை வயலுக்குப் போனால் வாய்க்காலில் ஈரம் மட்டும்தான் இருந்தது. மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் கரையாலே மேலே நடந்தேன். கணவதியரின் மடையில் வாழைக்குற்றியைக் குறுக்கே போட்டுச் சேறு பூசி, தண்ணீர் முழுவதும் அவருடைய வயலுக்குத் திரும்பியிருந்தது. கணவதியர் அப்போதுதான் கை கழுவிக்கொண்டு அந்தப் பக்கம் போகிறார். இந்தப் பக்கக் கரையில், மடைக்கு நேர் எதிரே, அண்ணை சாக்கில் இருந்தார். கண் திறந்திருந்தது. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மண்வெட்டியை ஓங்கினேன். குற்றியை ஒரு கொத்துக் கொத்தினால் தண்ணீர் எனக்கு. அதற்குப் பிறகு கணவதியர் வந்தால் அடிபாடு. அதுதான் வாய்க்காலின் வழமை. அப்படித்தான் நான் முன்னர் என் தண்ணீரை எடுத்தது.

"தம்பி" என்றார் அண்ணை. "மண்வெட்டியைக் கீழை வையும்."

"அண்ணை, இண்டைக்கு என்ரை முறை."

"வையும். மூச்சை விடும். நீட்டி விடும்."

வைத்தேன். விட்டேன். நெஞ்சுக்குள் அடித்தது குறைந்தது.

"இப்ப வெட்டினா ரத்தம்தான் வரும், தண்ணி வராது" என்றார். "முறையாப் போய் விதானையாரிட்டைச் சொல்லும்."

"அவர் சாட்சி கேப்பார் அண்ணை. நீங்கள் கண்டனீங்கள்தானே? வந்து சொல்லுவியள்தானே?"

அண்ணை கண்ணை மூடினார். கைகளை முழங்காலில் வைத்தார். "ஓம்" என்றார். அது வயிற்றிலிருந்து எழும்பி வந்து, உதடு மூடி, வாய்க்கால் வரம்பில் கொஞ்ச நேரம் நின்றது.

எனக்கு அழுகை வந்துவிட்டது, நன்றியில். மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, ஒரு சண்டையில்லாமல் நியாயம் வெல்லப்போகிறது என்ற சந்தோசத்தில், வழியில் ஒரு பாட்டும் முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மனைவி கேட்ட முதல் கேள்வி: "தண்ணி வந்ததோ?" "சாட்சி வந்திருக்கு" என்றேன்.

கூட்டம் வாய்க்கால் கரையில் மருதமரத்தின் கீழே நடந்தது. விதானையார் கதிரையில் இருந்தார். நாங்கள் நின்றோம். கணவதியர் தான் ஒன்றும் செய்யவில்லை, தன் வயலில் நிற்பது தன் முறைத் தண்ணீர் என்றார். குற்றியும் சேறும் அதற்குள் காணாமல் போயிருந்தன. விதானையார் என்னைப் பார்த்தார். நான் அண்ணையைக் காட்டினேன்.

அண்ணை முன்னுக்கு வந்தார். அதே நிமிர்ந்த முதுகு, அதே அமைதி.

"நான் பயிற்சியிலை இருந்தனான்" என்றார். "வாய்க்காலை நான் பாக்கேல்லை."

எனக்கு முதலில் விளங்கவில்லை. வேறு ஏதோ வாய்க்காலைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

"அண்ணை, மண்வெட்டியை வைக்கச் சொன்னது நீங்கள்தானே?"

"சொன்னனான். மண்வெட்டி ஓங்கிறவனை ஆரும் வைக்கத்தானே சொல்லுவினம்."

"கண்டனீங்களோ எண்டு கேக்க ஓம் எண்டனீங்களே."

"நான் பாடத்தை முடிச்சனான் தம்பி. முடிக்கேக்கை நான் வேறை என்னத்தைச் சொல்லுறது?"

யாரோ ஒருவன் முதலில் சிரித்தான். பிறகு எல்லாரும். விதானையாரும் வாயைத் துவாயால் மறைத்துக்கொண்டார். ஆனால் அவர் நியாயமான மனுசன். கையை உயர்த்திச் சனத்தை அடக்கிவிட்டு என்னிடம் கேட்டார்.

"அவர் எப்பிடிச் சொன்னவர்? குறுக்கிச் சொன்னவரோ, நீட்டிச் சொன்னவரோ?"

"அது ஐயா..."

"குறுக்கினா சம்மதம், நீட்டினா மந்திரம். எங்களுக்கு அண்ணை முதல் நாளே சொல்லித் தந்தவர்" என்றார் கணவதியர், நல்ல மாணவனைப் போல.

"சொல்லிக் காட்டும் பாப்பம்" என்றார் விதானையார்.

குறுக்கிச் சொல்லியிருந்தால் என் நெல் பிழைத்திருக்கும். அந்த ஒரு எழுத்தைக் கொஞ்சம் கத்தரித்திருந்தால் போதும். நான் சத்தியத்துக்காக நீட்டினேன் என்று நினைக்காதீர்கள். வாயைத் திறந்தேன், வயிறு தானாக உள்ளே போயிற்று, முதுகு தானாக நிமிர்ந்தது, உதடு தானாக மூடியது. களத்தில் பழகிய பழக்கம். மருதமரத்தின் கீழே என் ஓம் நீண்டு நீண்டு போய், ஒரு நல்ல மாணவனின் மூச்சோடு முடிந்தது.

"அது மந்திரம்தான்" என்றார்கள் எல்லாரும். அவர்களுக்கும் காது பழகியிருந்தது.

சாட்சி இல்லாதபடியால் என் முறை போனது போனதுதான் என்று தீர்ந்தது. இனி எல்லாருக்கும் ஒரு சுற்று முடிந்த பிறகுதான் எனக்கு. கூட்டம் கலையும்போது ஒருவன் என் தோளில் தட்டி, "நல்ல பகிடி" என்று சொல்லிவிட்டுப் போனான். நான் அன்று பகிடி ஒன்றும் விடவில்லை.

அடுத்த நாள் நான் களத்துக்குப் போகவில்லை. பின்னேரம் அண்ணை எங்கள் படலை வாசலில் வந்து நின்றார். "கோபம் முதுகுக்குக் குடாது தம்பி" என்றார். உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. கணவதியர் அவருக்கு ஏதும் கொடுத்திருப்பாரோ என்று விசாரித்துப் பார்த்தேன். ஒரு கத்தரிக்காய்கூடக் கொடுக்கவில்லை. பயந்தாரா? ஒஃபிசரையே வெயிலில் நிறுத்தி வைத்தவர். என்னில் ஏதும் மனவருத்தமா? இல்லை, எனக்குத்தான் மற்ற எல்லாரையும்விடப் பார்த்துப் பார்த்துச் சொல்லித் தந்தவர். ஒரு காரணம் அகப்பட்டிருந்தால் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவரை வெறுத்திருப்பேன். சிறுபோகம் முழுக்கத் தேடினேன். அகப்படவில்லை.

நெல் மஞ்சள் பிடித்தது, விளைச்சலால் அல்ல. கதிர்கள் வெளியே வந்தன. எல்லாம் வானத்தைப் பார்த்து நேரே நின்றன. பாரம் இருந்தால்தானே குனியும். மனைவி ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் வைத்து ஊதினாள். ஒன்றும் மிஞ்சவில்லை. அவள் என்னை ஏசவில்லை. அந்த ஒரு நாள் ஏசியிருக்கலாம்.

அவளையும் பிள்ளையையும் யாழ்ப்பாணத்துக்கு அனுப்ப, கொலனி ரோட்டு கண்டி வீதியில் ஏறுகிற சந்தியில் பஸ்ஸுக்கு நின்றோம். வவுனியாவிலிருந்து வருகிற பஸ். பக்கத்தில் தகரப் பெட்டி. மாமனார் என்ன சொல்வார் என்பதை நான் அவருடைய குரலிலேயே நடித்துக் காட்டினேன். மனைவி சிரிக்கவில்லை. அப்போது அண்ணை வந்தார். வழியனுப்ப வந்தாராம். கையில் ஒரு சின்னத் துணிப் பொட்டலம், கொய்யாப்பழம். "பிள்ளைக்கு" என்று நீட்டினார். மனைவி வாங்கிக்கொண்டாள். வாங்கிய கையோடு கேட்டாள்.

"அண்ணை, ஒண்டு கேக்கிறன். அண்டைக்கு நீங்கள் கண்டனீங்களோ, இல்லையோ?"

நான் வாயைத் திறந்தேன். அவள் என் பக்கம் திரும்பாமலே கையைக் காட்டி நிறுத்தினாள்.

"கண்டனான் பிள்ளை" என்றார் அண்ணை. "குத்தியைப் போட்டதும் கண்டனான், சேறு பூசினதும் கண்டனான்."

"பிறகேன் சொல்லேல்லை?"

அவர் கொஞ்சம் யோசித்தார். மறைக்கிறதற்காக யோசிக்கவில்லை, சரியாகச் சொல்ல வேண்டும் என்று யோசித்தார்.

"சொல்லியிருந்தா கணவதி கத்துவான். அவன்ரை ஆக்கள் என்ரை படலைக்கு வருவினம். நான் திருப்பி ஒண்டு சொல்ல வரும். எனக்குக் கன நாளைக்கு மனம் நேரா நிண்டிராது."

மனைவி அவரைப் பார்த்தாள். பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். பக்கத்தில் நின்ற மைல் கல்லில், விழாதபடி பார்த்து, பொட்டலத்தை வைத்தாள்.

"பஸ் வருது" என்றாள் என்னிடம். "பெட்டியைத் தூக்குங்கோ."

தூக்கிக் கொடுத்தேன். பஸ் புறப்பட்டது. பிள்ளை மட்டும் யன்னலால் கை காட்டியது, எங்கள் இரண்டு பேருக்கும்.

புழுதி அடங்கியதும் அண்ணை மைல் கல்லுக்குப் போய்ப் பொட்டலத்தை எடுத்து, துணியில் பட்ட மண்ணைத் தட்டினார். "வாரும் தம்பி, போவம்" என்றார்.

"நீங்கள் முன்னாலை போங்கோ அண்ணை. எனக்கு இஞ்சை ஒரு அலுவல் இருக்கு."

அந்தச் சந்தியில் யாருக்கும் ஒரு அலுவலும் இருக்க முடியாது. ஒரு கடைகூட இல்லை. அவர் அதையெல்லாம் கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு நடந்தார். அவர் கண்ணுக்கு மறைந்த பிறகு நான் புறப்படுவது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் கொலனி ரோட்டை அளந்தவர்கள் நூல் பிடித்து அளந்திருந்தார்கள். ஒரு வளைவு இல்லை, ஒரு மரம் இல்லை. அவர் நடக்கிறார், நடக்கிறார், ஆனால் மறைகிறார் இல்லை. அவருக்கு அவசரமும் இல்லை; ஒரே அளவான அடி, நிமிர்ந்த முதுகு. ஒரு கொய்யாவை எடுத்து வேட்டியில் துடைத்துக் கடித்தது இங்கிருந்தே தெரிந்தது. ஒரு தரமும் திரும்பிப் பார்க்கவில்லை.

உச்சி வெயில். கொஞ்ச நேரம்தான் தாங்கினேன். பிறகு நானும் இறங்கி அவருக்குப் பின்னாலே நடக்கத் தொடங்கினேன். வேறு என்ன செய்வது? இரண்டு பேர் வீட்டுக்கும் அந்த ஒரு ரோட்டுத்தான்.